எளிய வெட்டா, சிக்கலான வெட்டா? மரம் சாய்க்கப் புதிதாக வருபவர்களுக்கு

மரம் அறுக்கும் மெஷின் இப்போது சிறு விவசாயியும் வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிட்டது. மதுரையைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஒன்று கிடக்கிறது. அதோடு கைப்பேசியில் வீடியோக்களும் வந்துவிட்டன. ஏதோ ஒரு குளிர்நாட்டில் ஒருவர் நூறடி ஊசியிலை மரத்தின் நடுவே மெஷினின் மூக்கைக் குத்தி நுழைக்கிறார், பின்னால் பட்டையாக ஒரு கட்டை மட்டும் விட்டுவைக்கிறார், கடைசியில் அதையும் நறுக்கிவிட்டு அலட்டிக்கொள்ளாமல் நடந்து போகிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அதைப் பார்த்த தம்பி ஒருவர் மறுநாளே வாடிப்பட்டித் தோப்பில் கோணலாக நிற்கும் வேம்பில் அதே வெட்டைப் போட்டுப் பார்க்க நினைக்கிறார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதியவர் கைவைக்கத் தகுந்த மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு எளிய வெட்டே, அதாவது முன்னால் ஒரு வாய், பின்னால் ஒரு வெட்டு, போதும். அது போதாத மரமாக இருந்தால், அதற்கு வேண்டியது பெரும்பாலும் கடினமான வெட்டு அல்ல. நல்ல கயிறும் கூட இரண்டு ஆட்களும், இல்லையென்றால் நம்மைவிடத் தெரிந்த ஒருவரும்தான்.

வெட்டுவதற்கு முன்

மரம் யாருடையது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சாலையோரப் புளியும் கண்மாய்க் கரை மரமும் உங்கள் வயலுக்கு நிழல் தருவதால் உங்களுடையவை ஆகிவிடாது. சந்தன மரம் சொந்தப் பட்டா நிலத்தில் தானாக முளைத்து நின்றாலும் வனத்துறை வழியாகத்தான் வெட்ட முடியும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. தேக்கு போன்ற மரங்களை வெட்டி வண்டியில் ஏற்றும் முன் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. நடு வழியில் வண்டி நின்ற பிறகு கேட்பதில் பயன் இல்லை.

மின்கம்பி பக்கத்தில் போனால் வேலை உங்களுடையது அல்ல. மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகே யாரும் மரத்தைத் தொட வேண்டும். 'காய்ந்த கிளைதானே, ஒன்றும் செய்யாது' என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

பிறகு, மேலே பாருங்கள். பனையிலும் பெரிய மரப் பொந்துகளிலும் கதண்டுக் (பெரிய குளவி) கூடு இருக்கலாம். மெஷின் சத்தம் கேட்டதும் அவை கூட்டமாக இறங்கும். அப்போது கையில் ஓடுகிற ரம்பத்தோடு ஓட வேண்டியிருக்கும். கூட்டைப் பார்த்தால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். மாமரத்தில் முசுறு என்னும் சிவப்பு எறும்பு உண்டு. ஆளைக் கொல்லாது, ஆனால் அறுப்பு பாதியில் இருக்கும்போது கழுத்தில் ஏறினால் கவனம் எங்கே நிற்கும்?

உடுப்பு பற்றி ஒரே வரி: கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்போடு, சங்கிலி ரம்பத்தைத் தொடாதீர்கள். முழுக்கால் பேண்ட், கெட்டியான பூட்ஸ், தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு. தனியாகவும் போகாதீர்கள்.

மரத்தைச் சுற்றி வாருங்கள்

எளிய வெட்டா, வேறு வெட்டா என்ற முடிவு இந்தச் சுற்றில்தான் பிறக்கிறது. அதனால் இதில் அவசரப்படாதீர்கள். ஒரு டீ குடிக்கும் நேரம் செலவானாலும் பரவாயில்லை.

முதலில் சாய்மானம். அடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் எல்லா மரமும் நேராகத்தான் தெரியும். இருபது முப்பது அடி தள்ளிப் போய், ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் கோட்டோடு அடிமரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு தொண்ணூறு பாகை சுற்றி வந்து மறுபடியும் பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து நேராகத் தெரிந்த மரம் மறுபக்கத்திலிருந்து வளைந்து நிற்கும்.

அடுத்தது தலைப்பாரம். இது சாய்மானத்திலிருந்து வேறு. வாய்க்கால் ஓர மரங்கள் தண்ணீர்ப் பக்கம் கொப்பை விரித்திருக்கும். வீட்டுச் சுவரை ஒட்டிய வேம்பில் சுவர்ப்பக்கக் கிளைகளை வருடா வருடம் கழித்திருப்பார்கள். பாரம் முழுவதும் தெருப்பக்கம் இருக்கும். அடிமரம் கிழக்கே சாய்ந்து, தலை தெற்கே கனத்து நின்றால், மரம் தென்கிழக்கே போகத்தான் விரும்பும். அதன் விருப்பத்தோடு போனால் எளிய வெட்டு. அதன் விருப்பத்துக்கு எதிரே இழுக்க வேண்டியிருந்தால் அப்போதுதான் மற்றவற்றைப் பற்றிய பேச்சே வரும்.

மூன்றாவது, உள்ளே என்ன இருக்கிறது என்பது. கோடாரியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றிலும், இடுப்பு உயரம் வரை, தட்டிக்கொண்டே வாருங்கள். வைரம் பாய்ந்த இடத்தில் 'டக்' என்று வெட்டிக் கேட்கும். பொந்து இருந்தால் 'தொம்' என்று அடங்கிய ஒலி வரும். கிழட்டுப் புளியிலும் பழைய வேம்பிலும் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே கறையான் ஆண்டிருக்கும். தூரைச் சுற்றிக் காளான் முளைத்திருந்தாலும், பட்டையின் மேல் கறையான் மண் ஏறியிருந்தாலும் சந்தேகத்தோடு அணுகுங்கள். வேலையைத் தொடங்கிய பிறகு மரத்தூளே தகவல் சொல்லும்: நல்ல கட்டையில் வெளிர் நிறத்தில் துருவலாக வரும், அழுகிய கட்டையில் கறுத்து, ஈரமாக அல்லது மாவாக வரும். மாவு வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

ஆணி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சாலையோர மரத்தில் விளம்பரத் தட்டி அடித்த ஆணி, மஞ்சள் துணி கட்டிய வேம்பில் சூலம் பதித்த ஆணி எல்லாம் பட்டைக்குள் புதைந்திருக்கும். சங்கிலி அதில் பட்டால் அன்றைய வேலை முடிந்தது.

இனி உயரம். உங்கள் கண்ணிலிருந்து நீட்டிய கை வரை எவ்வளவு தூரமோ, அதே நீளத்துக்குக் கைக்கு மேலே நிற்கும்படி ஒரு குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். குச்சியைப் பிடித்த கை மரத்தின் தூரிலும் நுனி மரத்தின் உச்சியிலும் பொருந்தும் வரை பின்னால் நடந்து போங்கள். பொருந்திய இடத்திலிருந்து மரம் வரை உள்ள தூரம்தான் ஏறக்குறைய மரத்தின் உயரம். அந்த உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேடிக்கை பார்ப்பவர், ஆடு மேய்ப்பவர், வெட்டுகிறவரின் மைத்துனர் என்று வேலையில் இல்லாத யாரும் நிற்கக் கூடாது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் நம் பக்கம் மேற்கிலிருந்து வீசும் காற்று ஒரு முழு வேம்பின் தலையை மணிக்கணக்கில் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் விடிந்ததும் தொடங்கி, காற்று எழுவதற்குள் முடித்துவிடும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சிக்கிளை ஆடத் தொடங்கிவிட்டால் எந்த வெட்டும் எளிய வெட்டு அல்ல.

எளிய வெட்டு, அளவுகளோடு

நம் பக்கம் மரத்தைச் சுற்றளவில்தான் பேசுவார்கள். சுற்றளவை மூன்றால் வகுத்தால் விட்டம் கைக்கணக்காக வந்துவிடும். 50 அங்குலச் சுற்றளவும் 40 அடி உயரமும் உள்ள ஒரு வேம்பை எடுத்துக்கொள்வோம். விட்டம் சுமார் 16 அங்குலம். திறந்த வயலில், கொஞ்சம் தெற்கே சாய்ந்து நிற்கிறது. தெற்கே வெற்றுத் தரிசு. புதியவருக்கு இதைவிட நல்ல மரம் கிடைக்காது.

முதலில் ஓடும் வழியைச் சரிசெய்யுங்கள். மரம் தெற்கே விழுகிறது என்றால் நேர் வடக்கே ஓடக் கூடாது. விழும் மரத்தின் தூர் கீலிலிருந்து (நடுவே அறுக்காமல் விடும் கட்டை) பிய்த்துக்கொண்டு பின்னோக்கித் துள்ளும், அந்தப் பாதையில்தான் துள்ளும். வடமேற்கும் வடகிழக்கும் உங்கள் வழிகள். அங்கே கிடக்கும் முள், கல், கயிறு எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, ஒரு தடவை நடந்தும் பாருங்கள்.

விழ வேண்டிய பக்கத்தில் வாய் திறக்க வேண்டும். மேலிருந்து சரிவாக ஒரு வெட்டு, கீழே கிடையாக ஒரு வெட்டு. இரண்டும் சந்தித்ததும் ஆப்பு வடிவத் துண்டு கழன்று விழும். ஆழம் விட்டத்தில் கால் பங்கு, அதாவது நம் வேம்பில் 4 அங்குலம். இரண்டு வெட்டும் சரியாக ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தாண்டிப் போனால் உள்ளே ஒரு மெல்லிய பிளவு விழும். மரம் சாயத் தொடங்கியவுடன் அந்தப் பிளவு மூடிக்கொள்ளும். கீல் நேரத்துக்கு முன்பே முறியும். மரம் தன் இஷ்டத்துக்குப் போகும். வாயின் உள்கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே மூலையாக இருக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக எந்தத் திசை வருகிறதோ, மரம் அங்கேதான் போகும். தரிசில் ஒரு குச்சியை நட்டு, வாய் அதைப் பார்க்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாயை எவ்வளவு அகலமாகத் திறப்பது? வழக்கமாக 45 பாகை திறப்பார்கள். மரம் அவ்வளவு சாய்ந்ததும் வாய் மூடிக்கொள்ளும், கீல் முறியும், மீதித் தூரம் மரம் கட்டுப்பாடு இல்லாமல் விழும். 70 பாகை அல்லது அதற்கு மேல் திறந்தால் மரம் ஏறக்குறையத் தரையைத் தொடும் வரை கீல் பிடித்துக்கொண்டிருக்கும். இதற்குக் கூடுதல் திறமை ஒன்றும் வேண்டாம், இன்னும் கொஞ்சம் கட்டையை அறுக்க வேண்டும், அவ்வளவுதான். புதியவர்கள் அகலமாகத் திறந்தே பழகட்டும் என்பேன்.

பின்வெட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து கிடையாக வர வேண்டும். 45 பாகை வாய் என்றால் அதன் மூலைக்கு ஓர் அங்குலம் அல்லது இரண்டு அங்குலம் மேலே. அகல வாய் என்றால் மூலைக்கு நேராக அல்லது துளி மேலே. சரிவாகக் கீழ்நோக்கி அறுப்பது நம் ஊரில் பரவலான பழக்கம். அதனால் எந்தப் பலனும் இல்லை, கீலின் அளவு கண்ணுக்குத் தப்புவதுதான் மிச்சம். முழுவதும் அறுத்துவிடாதீர்கள். வாய்க்கும் பின்வெட்டுக்கும் நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, நம் வேம்பில் ஒன்றரை அங்குலம், ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே கனமாக நிற்க வேண்டும். அதுதான் கீல். கதவுக்குக் கீல் செய்யும் வேலையைத்தான் மரத்துக்கு இது செய்கிறது. இதை அறுத்துவிட்டால் மரத்தின் மேல் உங்களுக்கு ஒரு அதிகாரமும் கிடையாது.

பின்வெட்டு கொஞ்சம் உள்ளே போனதும் ஒரு ஆப்பைச் செருகிவிடுங்கள். மெஷினோடு வேலை செய்யும்போது பிளாஸ்டிக் ஆப்பு அல்லது கருவேலக் கட்டையில் செதுக்கிய ஆப்பு. இரும்பு ஆப்பு கோடாரிக் காலத்துக்குச் சரி. சங்கிலி அதைத் தொட்டால் பல் போகும். ஆப்பு இருந்தால் மரம் பின்னால் அமர்ந்து ரம்பத்தைக் கவ்விக்கொள்ளாது.

கீல் சடசடக்கும் ஒலி கேட்டதும் வேலை முடிந்தது. ரம்பத்தை எடுக்க வந்தால் எடுங்கள், வராவிட்டால் விட்டுவிட்டுப் போங்கள். நடக்கும்போது கண் மேலே இருக்கட்டும். காய்ந்த கொப்புகள் கடைசியாகத்தான் வரும்.

விட்டம் ஐந்து அங்குலத்துக்குள் இருக்கும் சவுக்குக் கம்புக்கும் குட்டி மரங்களுக்கும் இவ்வளவு சடங்கு வேண்டாம். முன்னால் ஒரு சிறு கீறல், பின்னால் ஒரு வெட்டு, கையால் ஒரு தள்ளு.

எப்போது எளிய வெட்டு போதாது?

சிக்கலான ஒவ்வொரு வெட்டும் ஒரே ஒரு பிரச்சினையைத் தீர்க்கவே உருவானது. நம் மரத்தின் பிரச்சினை அதுதானா என்று கேட்காமல் வெட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தோப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பம்புசெட் அறையை நோக்கிச் சற்றுச் சாய்ந்த ஒரு வேம்பு. அக்காள் மகன் மெஷினை முடுக்கிக்கொண்டு வந்து கேட்டான்: "மாமா, நடுவில் குத்தி அறுத்தால் கட்டை பிளக்காமல் இறங்கும் இல்லையா?" மாமா நாற்பது வருடமாக மரம் இறக்குபவர். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பிளக்காமல் இறங்கும். இறங்கி மோட்டார் அறை மேல் படுக்கும். கயிற்றை எடுத்து வா" என்றார். மரம் பிளப்பது ஒரு பிரச்சினை, மரம் தவறான திசையில் போவது வேறு பிரச்சினை. குத்தி அறுப்பது முதலாவதைத்தான் தீர்க்கும்.

விழும் பக்கமே மிகவும் சாய்ந்த மரம். இங்கேதான் குத்துவெட்டுக்கு உண்மையான வேலை இருக்கிறது. அதிகமாகச் சாய்ந்த மரத்தில் சாதாரணப் பின்வெட்டைப் போட்டால், பாதி அறுக்கும்போதே மரம் கிளம்பிவிடும். அறுபடாத கட்டை இன்னும் கனமாக இருப்பதால் வளைய முடியாமல், அடிமரம் நெடுக்காகப் பிளந்து மேலே ஏறும். பின்பாதி ஆள் உயரத்துக்கும் மேலே உதைத்து எழும்பி, பிறகு வெட்டுபவர் நிற்கும் இடத்திலேயே வந்து விழும். தைலமரம் போல நேர் நாருள்ள மரங்களில் இது சட்டென்று நடக்கும். ஓடுவதற்கு நேரம் கிடைக்காது.

இதைத் தவிர்க்க, வாயைத் திறந்த பிறகு பக்கவாட்டிலிருந்து மெஷினின் மூக்கை உள்ளே குத்தி, முதலில் கீலைச் சரியான கனத்துக்கு அறுத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி அறுத்து வருவார்கள். பின்பக்கம் ஒரு பட்டை கட்டை மட்டும் மரத்தைப் பிடித்திருக்கும். கடைசியில் அதை நறுக்கினால் மரம் ஒரே வீச்சில் போகும். நல்ல முறைதான். ஆனால் மூக்கின் மேல் கால்பாகம் கட்டையில் பட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் திரும்பும். அதனால் மூக்கின் கீழ்ப்பாதியால் தொடங்கி, உள்ளே பள்ளம் விழுந்த பிறகே நேராக நுழைக்க வேண்டும். இடது கைக் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றியே இருக்க வேண்டும். சங்கிலித் தடுப்பு வேலை செய்ய வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள இடம் சாய்ந்த மரம் அல்ல. ஏற்கெனவே விழுந்து கிடக்கும் கட்டையிலும், வெட்டி விட்ட உயரமான தூரிலும் கை பழகும் வரை குத்திப் பாருங்கள். அதுவரை மிகச் சாய்ந்த மரங்களைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

பின்னால் சாய்ந்த மரம். ஆப்பு அடித்தே எழுப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். நம் வேம்பில் வாய் 4 அங்குலம், கீல் ஒன்றரை. கீலுக்குப் பின்னால் மிச்சம் பத்தரை அங்குலம். பின் ஓரத்தில் ஆப்பு ஓர் அங்குலம் தூக்கினால், 40 அடி உயரத்தில் உச்சி ஏறக்குறைய நான்கு அடி நகரும். உச்சி இரண்டடி பின்னால் இருந்தால் ஆப்பு வெல்லும். எட்டடி பின்னால் இருந்தால் இரண்டு அங்குல ஆப்புக்கும் வேலை தீராது. அதற்குள் கீல் களைத்துவிடும். அங்கே கயிறுதான்.

கயிறு கட்டுவதில் சிக்கனம் கூடாது. கிணற்றில் நனைந்து நைந்த கயிறு வேண்டாம். மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மேலே கட்டுங்கள்; இழுப்பவர்கள் மரத்தின் உயரத்தைவிடத் தள்ளி நிற்க வேண்டும் என்பதால் கயிறு மரத்தைப் போல ஒன்றரை மடங்காவது நீளம் வேண்டும். நேரே இழுக்க இடம் இல்லையென்றால் இன்னொரு மரத்தின் தூரில் கப்பியைக் கட்டித் திருப்பிவிடுங்கள். கையிலோ இடுப்பிலோ கயிற்றைச் சுற்றாதீர்கள். முக்கியமான ஒன்று: பின்வெட்டு முடியும் முன்பே டிராக்டரைக் கட்டி முழு வேகத்தில் இழுக்கச் சொல்வார்கள். அப்படி இழுத்தால் நேரான மரமும் சாய்ந்த மரம்போலப் பிளக்கும். தொடக்கத்தில் தொய்வை மட்டும் எடுங்கள். கீல் தயாரான பிறகே இழுக்கச் சொல்லுங்கள்.

பக்கவாட்டில் சாய்ந்த மரம். கீலைச் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் கனமாகவும் சாய்வுப் பக்கம் மெல்லியதாகவும் விட்டால் மரம் கொஞ்சம் நிமிர்ந்து போகும். கொஞ்சம்தான். நாலைந்து அடி திசை மாற்றத்துக்கு இது உதவும். பக்கத்து வீட்டு ஓட்டைக் காப்பாற்ற இதை நம்பக் கூடாது.

பொந்து மரம். எந்த அழகான வெட்டும் இதற்கு உதவாது, ஏனென்றால் கீலாக நிற்க உள்ளே கட்டையே இல்லை. கெட்டியான இடம் கிடைக்கும் வரை மேலே போய் வெட்டலாம், கயிற்றை நம்பலாம், அல்லது இயந்திரத்தை வரவழைக்கலாம். புதியவர் இதைத் தொட வேண்டாம்.

கவை மரம். இடுப்பு உயரத்தில் இரண்டாகப் பிரியும் வேம்பை ஒரே மரமாக வெட்டாதீர்கள். ஒவ்வொரு கொம்பையும் தனி மரமாக எண்ணி, வெளியே சாய்ந்ததை முதலில் இறக்குங்கள்.

விலைக்குப் போகும் மரம். வேம்பு, பூவரசு, தேக்கு போன்றவற்றில் அடிக்கட்டைதான் காசு. மேலிருந்து சரிவாக வாய் எடுத்தால் அந்தத் துண்டு அடிக்கட்டையிலிருந்து போகும். சரிவு வெட்டைக் கீழிருந்து, தூர்ப்பக்கத்தில் எடுத்தால் கட்டையின் முனை சதுரமாக நிற்கும். மர வாடியில் கழிவு கேட்க மாட்டார்கள். குனிந்து அறுக்க வேண்டிய சிரமம் மட்டும் உண்டு. விறகுக்குப் போகிற மரத்தில் இதைச் செய்வது வீண் முதுகுவலி.

தென்னை, பனை, சீமைக் கருவேலம்

இதுவரை சொன்னது வேம்பு, புளி, வாகை போன்ற மரங்களுக்கு. சோழவந்தான் பக்கத்தில் தென்னை இறக்கக் கற்றுக்கொண்டவர்கள் இவற்றைப் படித்துச் சிரிக்கலாம். தென்னையின் நியாயம் வேறு. அதில் வைரம் நடுவில் இல்லை. வெளிச்சுற்றுதான் இரும்பு, உள்ளே நார்ச்சோறு. வேம்பின் கீல் போல அது மெல்ல வளைந்து கொடுக்காது. கொஞ்சம் பொறுத்து மடக்கென்று முறிந்துவிடும். ஆகவே தென்னையில் திசையைக் கீலிடம் ஒப்படைக்காமல் கயிற்றிடம் ஒப்படைக்க வேண்டும். மரம் ஏறுபவர் முதலில் காய், மட்டை, பாளை எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, உச்சிக்குக் கீழே கயிற்றைக் கட்டட்டும். பிறகு எளிய வாய், எளிய பின்வெட்டு, நிதானமான இழுப்பு. குத்துவெட்டை இங்கே போட்டால் நார் சங்கிலியில் சுற்றிக்கொண்டு மெஷின் திணறும். மண்டை காய்ந்த தென்னையில் ஆளை ஏற்றாதீர்கள். பட்டுப்போன தலை தட்டினாலே கழன்று விழும். பனைக்கும் ஏறக்குறைய இதே கதைதான், கடினம் மட்டும் இரட்டிப்பு. அனுமதி விஷயத்தை மேலே சொல்லிவிட்டேன்.

சீமைக் கருவேலத்தைப் பற்றிப் பேசாமல் மதுரையில் மரம் வெட்டுவதைப் பற்றி எழுத முடியாது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி கண்மாய் கண்மாயாக ஜேசிபி இறங்கியது பலருக்கு நினைவிருக்கும். இந்த மரத்தில் வெட்டு ஒரு பொருட்டே அல்ல. ஒரு தூரிலிருந்து ஐந்தாறு கொம்புகள் நாலாபக்கமும் வளைந்து, ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, வில்லாக இறுகி நிற்கும். எந்தக் கொம்பு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று பார்த்து, வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். முதலில் அரிவாளால் முள் கழித்து நிற்பதற்கு இடம் செய்துகொள்ளுங்கள். வளைந்த கொம்பில் உள்வளைவுப் பக்கம் லேசாகக் கீறிவிட்டு, பிறகு வெளிவளைவில் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தால் தெறிக்காமல் தளரும். எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும் மழை பெய்ததும் தூரிலிருந்து தழைத்துவிடும். மரம் திரும்ப வரக் கூடாது என்றால் வேரோடு பிடுங்க வேண்டும், அது ரம்பத்தின் வேலை அல்ல.

ஊருக்குள் நிற்கும் மரம்

மதுரை நகரத்துச் சந்துகளில், மூன்று பக்கமும் வீடு, நான்காவது பக்கம் கம்பி என்று நிற்கும் மரத்தைச் சாய்க்கவே கூடாது. அங்கே மேலிருந்து துண்டு துண்டாக இறக்க வேண்டும். ஒவ்வொரு கிளையையும் கயிற்றில் கட்டி, கவையில் ஒரு சுற்றுப் போட்டு, கீழே ஒருவர் பிடித்து மெல்ல விடுவார். கிளையை அறுக்கும்போது முதலில் அடியில் கொஞ்சம் வெட்டிவிட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லையென்றால் கிளை முறியும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு, ஏறி நிற்பவரையும் இழுத்துக்கொண்டு போகும். இந்த வேலையை ஏறத் தெரிந்தவர் மட்டும் செய்யட்டும். கீழே கயிறு பிடிக்கும் வேலையைக் கற்றுக்கொள்வதே புதியவருக்குப் பெரிய படிப்பு.

மரம் சிக்கிக்கொண்டால்

நெருக்கமான தோப்பில் வெட்டிய மரம் பக்கத்து மரத்தின் கொப்பில் போய் உட்கார்ந்துகொள்வது சாதாரணம். அப்போது வரும் யோசனைகள் எல்லாமே ஆபத்தானவை. தாங்கும் மரத்தை வெட்டக் கூடாது. சிக்கிய மரத்தின் மேல் ஏறக் கூடாது. கீழே நின்று தூரைத் துண்டு துண்டாக அறுத்து நிமிர்த்தப் பார்க்கக் கூடாது. இன்னொரு மரத்தை அதன் மேல் தள்ளிச் சாய்ப்பதும் கூடாது. தூரில் கயிற்றையோ சங்கிலியையோ கட்டி, டிராக்டரைத் தூரத்தில் நிறுத்தி, மரம் சாய்ந்த திசைக்கு எதிரே தூரை இழுங்கள். டிராக்டர் வர நாளையாகும் என்றால் அதைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆள் யாரும் போகாதபடி முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு, பக்கத்துத் தோப்புக்காரருக்கும் தகவல் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஆளை வைத்து வெட்டுவதானால், கூலி பேசும் முன்பே மரத்தைக் காட்டுங்கள். வந்தவர் மரத்தைச் சுற்றி வராமல், மேலே பார்க்காமல், 'ஒரு மணி நேர வேலை' என்று தொகை சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள். எந்தப் பக்கம் விழும், கயிறு எத்தனை அடி கொண்டு வருவீர்கள், ஓட்டில் கொப்பு விழுந்தால் யார் பொறுப்பு, கட்டை யாருக்கு, கழிவுக் கொப்பை யார் அள்ளுவது என்று அப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். தூரைத் தரைமட்டமாக அறுப்பதற்குத் தனிக் கூலி கேட்பார்கள். மாட்டு வண்டியோ டிராக்டரோ போகிற பாதை என்றால் அதைக் கொடுத்துவிடுவதுதான் லாபம்.